காரைக்குடில வாங்குன ஜாவா ஃபெர்ன், 8 மாசம் கழிச்சு சொல்றேன்

தை மாசம் காரைக்குடில ஒரு கலர் மீன் கடைல 150 ரூபா குடுத்து ஜாவா ஃபெர்ன்னு மீன் தொட்டித் தண்ணிக்குள்ள வளக்குற செடி ஒரு கொத்து வாங்குனேன். அதுக்கு முன்னாடி ஆன்லைன்ல வரவச்ச செடியெல்லாம் பார்சல பிரிக்கும்போதே கொழகொழன்னு அழுகி நாத்தம், அதனால செடியே வேணாம்னு விட்டுருந்தேன்.

கடைக்கார அண்ணன் காசு வாங்குறதுக்கு முன்னாடியே "மண்ணுல நடப்போறீகளா"ன்னு கேட்டாரு, ஆமாண்ணேன்னு சொன்னதும் செடிய கையில எடுத்து, இஞ்சி மாதிரி படுத்துக் கெடக்குற பச்சைத் தண்டக் காட்டி "இத பொதைச்சா அழுகிரும் தம்பி, கல்லுல வச்சு நூல் சுத்திருங்க, வேரு தானா புடிச்சுக்கும்"னாரு. இந்த ஒரு வார்த்தைக்கே அந்தக் கடைக்கு 5 ஸ்டார் குடுக்கலாம்.

வீட்ல ஆயாவோட ஒடஞ்ச அம்மிக்குழவி துண்டு ஒண்ணு கெடந்துச்சு, அதுல கருப்புத் தையல் நூல சுத்திக் கட்டி வளவுல வெயில் நேரா படாத ஓரத்துல இருக்க 2 அடி தொட்டில எறக்குனேன். செடிக்குன்னு தண்ணில விடுற சிஓ2 வாயு கெடையாது, ஒரம் கெடையாது, எல்ஈடி லைட் 6 மணி நேரம் அவ்ளோதான், தண்ணியும் வாளில வெள்ளையா உப்புப் படியிற நம்ம போர் தண்ணி. மொத ஒரு மாசம் அசைவே இல்ல. ரெண்டாம் மாசம் பாத்தா முடி மாதிரி பழுப்பு வேரு கல்ல கவ்விப் புடிச்சுருக்கு, நூல வெட்டிட்டேன், ஆடக்கூட இல்ல!

அப்பறம் இலைக்கு அடியில கருப்புக் கருப்பா புள்ளி வரிசையா வந்துச்சு, நோய்னு பயந்து கடைக்கார அண்ணனுக்கு போட்டோ அனுப்புனேன், "அது அதோட வித்துப்பை, கிள்ளிறாதீக"ன்னாரு. கொஞ்ச நாள்ல பழைய இலை நுனியிலயே நகம் சைஸுக்கு குட்டிச் செடி, அதுக்கும் தனியா வேரு, எத்தனை தடவ பாத்தாலும் சலிக்கல.

சித்திரைல தண்ணி 32 டிகிரி வரைக்கும் போச்சு, டேபிள் ஃபேன் வச்சு சமாளிச்சேன், இலை தாங்கிருச்சு. நடுவுல லைட்ட 10 மணி நேரம் போட்டது என் தப்பு, இலை மேல பாசி ஏறி நாலு இலைய வெட்டுனேன்.

கொறைன்னா செடியோட நத்தை முட்டையும் வந்துருச்சு, கடைல அத கவனிச்சுக் குடுக்கலாம். வேகமா வளரணும்னு நெனைக்கிறவுக இத வாங்காதீக. வாங்குறவுக இலையத் திருப்பி நத்தை முட்டை இருக்கான்னு பாருங்க, தண்ட லேசா அமுக்கிப் பாத்து கெட்டியா இருக்கத எடுங்க.