சாம்சங் 870 ஈவோ 1 டிபி: பழைய டெஸ்க்டாப்பில் கேம் ஏற நேரம் எடுத்தால்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5 போன்ற பழைய டெஸ்க்டாப், கேம் எல்லாம் ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது என்றால் இந்த எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்கலாம். ஆனால் மெதுவாக ஏறுவதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்தானா என்று பார்த்த பிறகே காசை எடுங்கள்.

மியான்மரின் யங்கோனில், தாம்வே பகுதியில் குடியிருக்கிறேன். பகலெல்லாம் பருப்பு வியாபாரத்துக் கணக்கு, இரவில் கேம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். வந்ததும் எந்த மாடியிலிருந்தாவது ஒரு பிள்ளை "மீ லாபீ!" (கரண்ட் வந்தாச்சு!) என்று கூவும். உடனே தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு பொங்க வேண்டும், வீட்டில் உள்ள போனுக்கெல்லாம் சார்ஜ் போட வேண்டும். மிச்ச நேரம்தான் எனக்கு. அதிலும் பாதியை லோடிங் திரையே தின்றால் மனசு எப்படி இருக்கும் என்பது இந்த ஊர்க்காரருக்குத் தெரியும்.

சோதிக்க ஒரு பைசா செலவில்லை. கேமை விண்டோ முறையில் ஓடவிட்டு, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் பகுதியைப் பாருங்கள். லோடிங் ஓடும்போது டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, படிக்கும் வேகமோ நொடிக்கு ஓரிரண்டு எம்பிதான், பதில் தரும் நேரம் நூற்றுக்கணக்கான மில்லி நொடி என்றால் டிஸ்க் திணறுகிறது என்று அர்த்தம். அப்போதும் அவசரப்படாதீர்கள், மெமரியையும் பாருங்கள். ராம் நிரம்பி வழிந்தால் விண்டோஸ் டிஸ்கையே ராம் மாதிரி பயன்படுத்தும். அப்போதும் இதே 100 சதவீதம்தான் காட்டும். அங்கே தேவை ராம்.

டிஸ்க் சும்மா இருக்கிறது, பிராசஸரின் ஒரு கோர் மட்டும் முழுசாக ஓடுகிறது என்றால் எந்த எஸ்எஸ்டியும் பெரிதாக உதவாது. ஜிடிஏ ஆன்லைன் கதை நினைவிருக்கிறதா? 2021இல் வெளியாள் ஒருவர் குடைந்து பார்த்தபோது, ஒரு பெரிய பட்டியல் கோப்பை நிரல் மோசமான முறையில் படிப்பதுதான் தாமதத்துக்குப் பெரிய காரணம் என்று தெரிந்தது. அவர் திருத்திக் காட்டியதில் லோடிங் நேரம் 70 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. கேமைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் அவருக்கு 10,000 டாலர் கொடுத்து, அந்தத் திருத்தத்தைக் கேமிலும் சேர்த்தது. அதுவரை எத்தனை பேர் டிஸ்கை மாற்றிப் பார்த்து ஏமாந்தார்களோ.

டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளையும் ஒருமுறை ஓட்டுங்கள். சி5 வரிசையில் எண் ஏறியிருந்தால் படிக்க முடியாத இடங்கள் சேர்கின்றன. போட்டோ, கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் அன்றைக்கே வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் சரியில்லை. கேபிளை மாற்றினால் தீர்ந்துவிடலாம். என் டிஸ்கில் இரண்டும் இல்லை. அது நல்ல டிஸ்க், வயசும் வேகமும்தான் குறை.

ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படி? நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டில் வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வரவே சராசரியாக 4 மில்லி நொடிக்கு மேல் ஆகும். முள் நகரும் நேரம் தனி. கேமில் இருப்பவை பல்லாயிரம் சின்னச் சின்னத் துண்டுகள். நொடிக்கு நூறு துண்டு தேடி எடுப்பதற்குள் தட்டுக்கு மூச்சு வாங்கிவிடும். 870 ஈவோ ஒரு நேரத்தில் ஒரு துண்டாகக் கேட்டால்கூட நொடிக்கு 13,000 வரை தரும் என்கிறது சாம்சங். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் நொடிக்கு 560 எம்பியை விட, கேம் ஆடுகிறவருக்கு இந்த எண்தான் முக்கியம்.

மாட்டும் இடத்தைப் பார்த்து மாட்ட வேண்டும். என் எச்81 மதர்போர்டில் நாலு சாட்டா துளை. இரண்டு 6 ஜிகாபிட், இரண்டு 3 ஜிகாபிட். கடையில் மாட்டிக் கொடுத்தவர் மெதுவான துளையில் செருகியிருந்தார். வேகம் அளக்கும் கிரிஸ்டல் டிஸ்க் மார்க்கில் நொடிக்கு 270 எம்பி பக்கத்தில் நின்றதைக் கண்டு, மூடியைக் கழற்றி மாற்றினேன், 550 தாண்டியது. இருந்தாலும் கேம் ஏறும் நேரத்தில் இதனால் வந்த வித்தியாசம் சொற்பம். பெரிய கோப்புகளை நகல் எடுக்கும்போதுதான் நன்றாகத் தெரிகிறது.

பலன்? விட்சர் 3இல் சேமித்த ஆட்டத்தைத் திறக்க முன்பு ஒரு நிமிடத்தைத் தாண்டும், இப்போது இருபது நொடிக்குள் கதாநாயகன் கெரால்ட் நிற்கிறான். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2இல் எனக்குக் கிடைத்த சந்தோஷம் இன்னும் பெரியது: ஊருக்குள் நுழையும்போது படம் நின்று நின்று போகும் தொல்லை ஒழிந்தது. அதே சமயம் சண்டைக் காட்சியில் நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு துளியும் ஏறவில்லை. அது கிராபிக்ஸ் கார்டின் வேலை.

இன்னும் வேகமான, போர்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கக் கூடாதா என்று அண்ணன் மகன் கேட்டான். என் போர்டில் அதற்கு இடமே இல்லை என்றேன். புது போர்டு வைத்திருப்பவர்கள் அதையே வாங்குங்கள். பிஎஸ்5 காரர்களுக்கு இந்த 870 ஈவோ பெரிய உதவியில்லை: யூஎஸ்பியில் மாட்டினால் பிஎஸ்4 கேம் ஓடும், பிஎஸ்5 கேமை அதில் வைத்திருக்கலாமே தவிர ஆட முடியாது.

சில குறிப்புகள். டிஸ்கை முழுசாக நிரப்பாதீர்கள். இடம் குறையக் குறைய எழுதும் வேகம் விழும். ஸ்டீமில் ஆடும் கேமை மட்டும் இதற்கு நகர்த்திவிட்டு, மற்றதைப் பழைய தட்டிலேயே விடலாம். திரும்ப டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை. எஸ்எஸ்டி வந்துவிட்டது என்று யூபிஎஸ்ஸை ஓரங்கட்டவும் வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தக் கோப்பு இதிலும் கெடலாம்.

சந்தையில் போலி நடமாடுகிறது. வாங்கிய அன்றே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஓடிய மணிநேரத்தைப் பாருங்கள், புதியதில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு கடைசி ஜிபி வரை எழுதிப் படித்துப் பாருங்கள். பொறுமையான வேலைதான். கரண்ட் நிலையாக இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், கடை ரசீதையும் அதுவரை பத்திரமாக வையுங்கள்.