நெஞ்சை அடைப்பது யார்? ஹிஸ்டமின், புரொஸ்டாகிளாண்டின், லியூகோட்ரையீன்: ஓர் அலசல்

மாமா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பெக்டரி வேலை பார்த்தவர். தேயிலை சலிக்கும் அறையில், தூசும் பஞ்சும் பறக்க, முப்பது வருடம். மூக்கில் சதை வளர்ந்து வாசம் பிடிக்காமல் போய்ப் பல காலம் ஆகிறது. கொழுந்து வாட்டும் மாடியில் நின்றாலும் தனக்கு வெறும் காற்றுதான் என்பார். இழுப்பு (ஆஸ்துமா) வந்தது நாற்பதைத் தாண்டிய பிறகு.

போன மழைக்காலத்தில் பல்வலி தாங்காமல் கடையொன்றில் இரண்டு அஸ்பிரின் குளிசை வாங்கிக் கரைத்துக் குடித்தார். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மூக்கால் தண்ணீர் கொட்டியது, கண் சிவந்தது. இஸ்தோப்பில் உட்கார்ந்து முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். லயத்தில் எல்லாரும் தேயிலைத் தூசைத்தான் திட்டினார்கள். அதிலும் நியாயம் உண்டு. தேயிலைத் தூசால் வரும் இழுப்பைப் பற்றி நம் நாட்டு மருத்துவர் சி. ஜி. யுரகொட 1970-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் மாமா பெக்டரியை விட்டு வெகுநாள். அத்தைதான் சரியான கேள்வியைக் கேட்டார்: "வீக்கத்தைக் குறைக்கிற மருந்து எப்படி நெஞ்சை அடைக்கும்?"

இதற்குப் பதில் சொல்ல, நுரையீரல் வெளியே விடுகிற மூன்று சரக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது ஹிஸ்டமின். இது தயார் சரக்கு. ஒவ்வாமையைக் கிளப்புகிற மாஸ்ட் செல்களுக்குள் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கும். ஒவ்வாத பொருள் வந்து பட்டதும் நிமிடக்கணக்கில் அவிழ்ந்து கொட்டும். இதன் சேட்டைக்கு உள்ளூர் உதாரணமே உண்டு. காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர்கள் பழுதான பலயா மீன் சாப்பிட்டால் முகம் சிவந்து, தலை வெடித்து, நெஞ்சு படபடக்கும். கெட்ட மீனில் ஹிஸ்டமின் நிறைய. அதை உடைக்கிற நொதியை அந்த மருந்து தடுத்துவிடுகிறது. இதையும் இலங்கையில்தான் 1970-களில் கண்டுபிடித்துச் சொன்னார்கள், அதிலும் யுரகொடவுக்குப் பங்குண்டு. சரி, இழுப்பில் ஹிஸ்டமின் பெரிய ஆளா? இல்லை. ஹிஸ்டமினைத் தடுத்து, தும்மலுக்கும் தடிப்புக்கும் கேட்கிற பிரிட்டோன் குளிசை, இழுப்புக்கு அவ்வளவாகக் கேட்பதில்லையே.

இரண்டாவது புரொஸ்டாகிளாண்டின். இதை யாரும் சேமித்து வைப்பதில்லை, ரொட்டி மாதிரி கேட்டால்தான் சுடுவார்கள். மாவு எப்போதும் இருக்கும்: செல் சவ்வின் கொழுப்பில் கட்டுண்டு கிடக்கிற, 20 கார்பன் கொண்ட அரக்கிடோனிக் அமிலம். பொஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி அதை வெட்டி எடுத்துத் தரும். அப்புறம் இரண்டு அடுப்பு, அதாவது இரண்டு நொதிகள். சைக்ளோஒக்சிஜினேஸ் அடுப்பில் போனால் புரொஸ்டாகிளாண்டின், லிப்பொக்சிஜினேஸ் அடுப்பில் போனால் லியூகோட்ரையீன்.

1969-இல் பிரிசில்லா பைப்பரும் ஜோன் வேனும் செய்த சோதனையை என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. கினிப்பன்றியின் நுரையீரலைத் தனியாக எடுத்து, இரத்தக் குழாய் வழியே உப்புக் கரைசலை ஓடவிட்டார்கள். வெளியே வருகிற நீர், வரிசையாகத் தொங்கவிட்ட தசைத் துண்டுகள் மேல் ஒவ்வொன்றாகச் சொட்டும். ஒவ்வாமையைத் தூண்டியதும் முயலின் பெருநாடித் துண்டு சுருங்கியது. நுரையீரல் எதையோ கக்கியிருக்கிறது. அஸ்பிரின் சேர்த்தால் அந்தச் சுருக்கம் இல்லை. அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் 1971-இல் அஸ்பிரின் புரொஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே நிறுத்துகிறது என்று வேன் காட்டினார். முயல் துண்டைச் சுருக்கியது பெரும்பாலும் அதே அடுப்பில் வேகிற துரொம்பொக்சேன் ஏ2 என்று 1975-இல் தெரிந்தது. உடல் சூட்டில் அதன் பாதி ஆயுள் அரை நிமிடம்தான்.

புரொஸ்டாகிளாண்டின் என்றாலே அழற்சி, அழற்சி என்றாலே கெட்டது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. இது ஒரே ஆள் இல்லை, ஒரு குடும்பம். டி2-வும் எஃப்2 அல்பாவும் மூச்சுக்குழாயை இறுக்கும்; இ2 தளர்த்தும். நோயே இல்லாவிட்டாலும் நுரையீரலை அளவுக்கு மீறி ஊதி விரித்தாலே புரொஸ்டாகிளாண்டின் வரும். அதே நுரையீரல், இரத்தத்தில் வருகிற இ2-வில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே சுற்றில் அழித்தும் விடும்.

மூன்றாவது லியூகோட்ரையீன். என் கணக்கில் குற்றவாளிக் கூண்டு இதற்குத்தான். 1938-இல் பெல்ட்பெர்க்கும் கெல்லவேயும் நாகபாம்பு விஷத்தை நுரையீரலுக்குள் செலுத்திப் பார்த்தபோது, ஹிஸ்டமின் மாதிரிச் சட்டென்று இல்லாமல் மெல்லச் சுருக்கி, விடாமல் பிடிக்கிற ஏதோ ஒன்று வந்தது. அது லியூகோட்ரையீன்தான் என்று ஆளடையாளம் தெரிய 1979 ஆகிவிட்டது. மனித மூச்சுக்குழாயை இறுக்குவதில் ஹிஸ்டமினைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலு.

இப்போது அத்தையின் கேள்விக்கு வரலாம். அஸ்பிரின் மூடுவது ஒரு அடுப்பை மட்டும். அதில் வெந்துகொண்டிருந்த இ2, பக்கத்து அடுப்பை அடக்கி வைத்திருந்த பிரேக். மாமா போன்றவர்களுக்கு அந்த பிரேக் போனதும் லியூகோட்ரையீன் கட்டுமீறிக் கொட்டுகிறது. இழுப்புள்ள பெரியவர்களில் சுமார் 7 சதவீதம் பேர் இப்படி. மூக்கில் சதை வளர்ந்தவர்களிடம் இன்னும் கூடுதல். இபுபுரொஃபனும் டைக்ளோஃபெனக்கும் இதே வேலையைத்தான் செய்யும். பனடோல் (பரசிட்டமோல்) 500 மில்லிகிராம் பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது.

இழுப்புக்கான மருந்துகளை ஒப்பிட்டால், சல்பியூட்டமோல் இந்த மூன்று சரக்கில் எதையும் தடுப்பதற்காக எடுப்பதல்ல. இறுகிய தசையை நிமிடங்களில் தளர்த்தும், அவ்வளவுதான். மொன்டெலுகாஸ்ட் லியூகோட்ரையீன் போய் ஒட்டுகிற இடத்தை அடைக்கும். கேட்க இதுதான் மாமாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். ஆனால் தனியாக நின்று சமாளிக்க அதற்கு வலு போதாது. கெட்ட கனவு, மனக்குழப்பம் பற்றி 2020-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கையும் சேர்த்தது. ஸ்டெரொய்ட் பம்ப் லியூகோட்ரையீனைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்பது வேடிக்கை. ஆனாலும் மூச்சுக்குழாய்ச் சுவரின் வீக்கத்தை வற்றவைக்கிறது, அதனால் என் ஓட்டு முதலில் அதற்கே. "பம்ப் பழகிப் போகும்" என்று லயத்தில் சொல்கிற பயம்தான் தூசியைவிட அதிகம் பேரைப் படுத்துகிறது.

இருதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்த வேண்டாம், டொக்டரிடம் கேளுங்கள். மாமாவின் கிளினிக் கொப்பியில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'அஸ்பிரின் கூடாது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பல்லையும் பிடுங்கியாயிற்று.