கிறிஸ்துமஸ் மரத்துக்குச் செம்மண்ணா, கோகோபீட்டா?

டிசம்பர் வந்தால் பெங்களூரு நர்சரிகளில், கிறிஸ்துமஸ் மரமாக விற்கும் அரக்கேரியாக் கன்றுகள் வரிசைகட்டி நிற்கும். பண்டிகை முடிந்ததும் அதை எந்த மண்ணுக்கு மாற்றுவது என்பதில், அல்சூரானாலும் கே.ஆர்.புரமானாலும், மாடித்தோட்டம் வைத்திருக்கும் நம்மாட்களுக்குள் இரண்டு கட்சி: ஒன்று செம்மண், இன்னொன்று கோகோபீட் என்கிற தேங்காய் நார்க்கழிவு. தொட்டியின் எடை, மூட்டையின் விலை, இதோடு வாக்குவாதம் முடிந்துவிடுகிறது. தழைச்சத்தைப் (நைட்ரஜனை) பற்றி யாரும் வாய்திறப்பதில்லை.

வேருக்குத் தழைச்சத்து முக்கியமாக இரண்டு வடிவத்தில் கிடைக்கிறது: அம்மோனியம், நைட்ரேட். ஊசியிலை மரங்கள் பலவற்றுக்கு முதலாவதுதான் பிடித்தம். வெண் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் நாற்றுகள் நைட்ரேட்டை அம்மோனியத்தைவிட 20 மடங்கு வரை குறைவாகவே எடுக்கின்றன என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அரக்கேரியா வேறு குடும்பம், அந்தக் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. ஆனாலும் அம்மோனியத்தைப் பிடித்துவைக்கிற மண் எது என்று கேட்பதில் தப்பில்லை.

அந்தக் கேள்விக்குச் செம்மண் நல்ல பதில். களித்துகளின் எதிர்மின்னூட்டம் அம்மோனியத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட் தண்ணீரோடு தொட்டியின் அடித்துளை வழியே போய்விடும். சிக்கல் என்னவென்றால், வெறும் செம்மண் தொட்டியில் சில மாதங்களில் இறுகிவிடுகிறது. மேலே தண்ணீர் தேங்கும். காற்றில்லாத வேர் சத்தை இழுக்காது. மிச்சமிருக்கும் நைட்ரேட்டையும் பாக்டீரியாக்கள் வாயுவாக்கிப் பறக்கவிட்டுவிடும்.

கோகோபீட்டில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மக்காத நார்க்கழிவில் கார்பன், தழைச்சத்தைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நீங்கள் ஊற்றும் உரத்தில் கைவைத்த பிறகு மீதிதான் செடிக்கு. கழுவாத கட்டியென்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். மக்கவைத்ததை வாங்கினால் பாதித் தொல்லை தீரும்.

போர் தண்ணீர் இரண்டு கட்சிக்கும் எதிரி. அதிலுள்ள பைகார்பனேட் மண்ணின் காரத்தன்மையை மெல்ல ஏற்றும். அமிலம் குறையக் குறைய அம்மோனியம் வேகமாக நைட்ரேட்டாக மாறும். இரும்புச்சத்தும் கிடைக்காமல் போகும். கிளையை நிமிர்த்திப் பாருங்கள். அடிக்கிளையின் பழைய ஊசிகள் சீராக வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. உச்சியில் புதுத் தளிர் மஞ்சளானால் இரும்பைச் சந்தேகியுங்கள், யூரியாவைத் தொடாதீர்கள். காரம் ஏறிய மண்ணின் மேலே தூவிய யூரியாவில் கணிசமான பகுதி அம்மோனியாவாகக் காற்றில்தான் போகும்.

என் ஓட்டு செம்மண்ணுக்கு, ஆனால் தனியாக அல்ல: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய கோகோபீட் ஒன்று, இலைமக்கு ஒன்று. உரம் தேவைப்பட்டால் லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் அம்மோனியம் சல்பேட், மாதம் ஒருமுறை, ஈர மண்ணில் மட்டும். அதில் தழைச்சத்து சுமார் 21 சதவீதம்தான், யூரியாவில் 46. ஆனாலும் ஏறிய காரத்தை இறக்குவது அதுதான்.

ஊட்டி பைன் காட்டிலிருந்து மண் அள்ளிவந்து போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பைன் கன்றுக்கு அது உதவும், அதன் வேரை உறையாகச் சுற்றி வளரும் பூஞ்சை அந்த மண்ணில் உண்டு. அரக்கேரியாவோடு கூட்டுச்சேர்வது வேருக்குள்ளே புகும் வேறு இனம். அதற்காக மூட்டை சுமந்து வரவேண்டாம்.