குன்னூர் நகல் ஓவிய வகுப்பு: கரியில் நிறைவு, வண்ணத்தில் குறை

குன்னூரில் பெட்போர்டு பக்கம் ஒரு வீட்டு மாடியில் வார இறுதிகளில் நடக்கும் ஓவிய வகுப்பில், பருவம் முடியும் வரை மாணவர் எவரும் சொந்தக் கற்பனையில் எதையும் வரைவதில்லை; புகழ்பெற்ற ஓவியர்களின் படைப்புகளைப் படியெடுப்பது மட்டுமே அங்கே பாடம். பணி ஓய்வு பெற்றவர்களும் கல்லூரி மாணவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒரு பருவம் முழுவதும் அங்கே பயின்றவன் என்ற முறையில், சேர எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படியெடுப்பது காப்பியடிப்பதுதானே என்ற ஐயம் பலருக்கும் இருக்கும். டச்சு ஓவியர் வான்கோ 1889, 1890 ஆண்டுகளில் தென் பிரான்சின் சேன் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, தம்பி தியோ அனுப்பிய கறுப்பு வெள்ளை அச்சுப்படங்களை வைத்து பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஓவியங்கள் ஏறத்தாழ இருபதைத் தைல வண்ணத்தில் மீண்டும் வரைந்தார். அச்சில் நிறமே இல்லாததால் ஒவ்வொரு வண்ணத்தையும் அவரே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இந்த வகுப்பின் சிறந்த பயிற்சி ஒன்று இதிலிருந்தே பிறந்திருக்கிறது: மில்லேயின் விதைப்பவன் படத்தைக் கறுப்பு வெள்ளையில் கொடுத்து, நிறத்தை மாணவரிடமே விட்டுவிடுகிறார்கள்.

ஆயினும் வகுப்பின் உண்மையான பலம் அதற்கு முந்தைய கரிப் பயிற்சியில்தான் இருக்கிறது. கட்டம் போட்டுப் பெரிதாக்கும் பழைய வழியை ஆசிரியை தொடக்கத்தில் அனுமதிப்பதில்லை. படத்தைத் தலைகீழாக நிறுத்திவைத்து, கண்ணைச் சுருக்கி, இருண்ட பகுதிகளை மட்டும் கரியால் நிரப்பச் சொல்கிறார். என் பக்கத்தில் இருந்த முதியவர் மூக்கின் கோட்டை இழுக்கத் தொடங்கியதும், "கோடு வேண்டாம் சார், எந்த இடம் இருட்டுன்னு மட்டும் பாருங்க" என்று சொல்லி அழிப்பானை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண் படத்துக்கு வரும்போது இந்தக் கண்டிப்பின் பயன் தெரிகிறது. 44.5 சென்டிமீட்டர் உயரமும் 39 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அச்சிறிய ஓவியத்தில், மூக்கையும் அதற்கு அப்பாலுள்ள கன்னத்தையும் பிரிக்கும் கோடு கிடையாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முத்துக்கும் சுற்றுக்கோடு இல்லை, அதைக் காதில் மாட்டும் கொக்கியும் வரையப்படவில்லை. மேலே கனமான ஒரு வெள்ளைத் தீற்றலும், கீழே சட்டைக் கழுத்தின் மங்கிய எதிரொளியும் மட்டுமே இருக்க, மீதியைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்கிறது. முத்தை மட்டும் தனித்தாளில் திரும்பத் திரும்ப வரைய வைத்ததால், இதை யாரும் சொல்லித்தராமலே எங்களில் பெரும்பாலோர் கண்டுகொண்டோம்.

முதல் பூச்சான அடிவண்ணத்துக்கு, டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பர் என்னும் பழுப்பு வண்ணத்தைப் பயன்படுத்துவதும் நல்ல முடிவு. அதிலுள்ள மாங்கனீசு எண்ணெய் விரைந்து காயத் துணைபுரியும். ஐப்பசி மழையில் துணியே உலராத இந்த ஊரில், மெதுவாகக் காயும் டைட்டானியம் வெள்ளையை அடியில் தடவிவிட்டு அடுத்த வகுப்புக்குள் அது காயும் என்று எதிர்பார்க்க முடியாது.

வண்ணத்துக்குப் போனபின் வகுப்பு தடுமாறுகிறது. விளக்கேந்திய பெண் படத்தை ரவிவர்மாவின் ஓவியம் என்று சொல்லித் தைல வண்ணத்தில் படியெடுக்கக் கொடுக்கிறார்கள். அது எஸ். எல். ஹல்தங்கர் வரைந்த நீர்வண்ண ஓவியம். பெயர்க் குழப்பம் நாடெங்கும் இருப்பதுதான், அதை மன்னிக்கலாம். ஆனால் ஊடகம் மாறும்போது பாடமே தலைகீழாகிறது. நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பெரும்பாலும் வண்ணம் படாமல் விட்டுவைத்த காகிதம், எனவே எதை விட வேண்டும் என்பதை ஓவியர் முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். தைல வண்ணத்திலோ வெளிச்சத்தைக் கடைசியில் மேலே ஏற்றலாம். விரல்களின் ஊடே சிவந்து கசியும் அந்த விளக்கொளியை வெள்ளையும் மஞ்சளும் பூசிக் கொண்டுவர நாங்கள் பட்ட பாட்டில், ஹல்தங்கர் எடுத்த முடிவு ஒன்றுகூட எங்களுக்குப் புலப்படவில்லை.

கையில் கிடைக்கும் அச்சுப்படங்களும் ஒன்றுபோல் இல்லை. வெர்மீர் படத்துப் பெண்ணின் தலைத்துணி ஒன்றில் நீலமாக இருக்க, மற்றொன்றில் பச்சையாகத் தெரிகிறது. மூல ஓவியத்தைப் பார்ப்பதற்கான பயணம் எதுவும் பாடத்திட்டத்தில் இல்லை. ஹல்தங்கரின் அந்த ஓவியமும் ரவிவர்மாவின் ஓவியங்கள் சிலவும் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில்தான் இருக்கின்றன. இரவு 9 மணிக்குப் பந்திப்பூர்ச் சாலை மூடப்படுவதை மனத்தில் வைத்து விடியலில் கிளம்பினால், ஒரே நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம்.

பருவ முடிவில் நகல்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிறார்கள். கீழே மாணவர் பெயர் இருக்கிறது. மூல ஓவியர் பெயர் எங்கும் இல்லை. இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1906இல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு இதனால் சிக்கல் இல்லை, 1968இல் மறைந்த ஹல்தங்கரின் ஓவியத்துக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்வது இங்கே மரியாதைக்காக மட்டுமன்று.

மாதக் கட்டணம் 1,500 ரூபாய். கரியும் தாளும் அவர்களே தருகிறார்கள். நல்ல தைல வண்ணம் வேண்டுமானால் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும். கரியும் அடிவண்ணமும் கற்க இந்தக் கட்டணம் தாராளமாகத் தகும். வண்ணப் பகுதியிலும் தொடர விரும்புகிறவர்கள், விளக்கேந்திய பெண்ணை நீர்வண்ணத்திலேயே செய்ய அனுமதி கேளுங்கள். நான் கேட்டபோது ஆசிரியை மறுக்கவில்லை. தடித்த நீர்வண்ணக் காகிதத்தை மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும்.