மண் பந்தயத்துக்கு ஆர்எக்ஸ் 135-ஆ, பிஎஸ்6 எக்ஸ்பல்ஸா?

2001 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 135 என்ற டூ ஸ்ட்ரோக் பைக்கை நாலு வருஷம் ஓட்டி, போன வருஷம் விற்றுவிட்டு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி எடுத்தேன். பாளையங்கோட்டைத் தம்பிகள் பலர் "ஏண்ணே வித்தீங்க?" என்று இன்னும் கேட்கிறார்கள்.

பாய்ச்சலும் சத்தமும் ஆர்எக்ஸ்தான், அதில் வாதமே இல்லை. எடையிலும் அதற்கே சாதகம். அது நூறு கிலோ சொச்சம், இது 158. திசையன்விளைப் பக்கம் நண்பருடைய விளையில் (தோட்டத்தில்) பழகும்போது தேரி மண்ணில், அதாவது செம்மணலில், சக்கரம் புதைந்தால் அந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும்.

என்னை விற்க வைத்தது பிளாக், அதாவது இன்ஜின் சிலிண்டர். நம்மில் பெரும்பாலோருக்கு ஒரே வண்டிதான், வாரம் முழுக்க வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு. அதனால் புகைச் சான்று வேண்டும், அது இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிப்பும் பசுமை வரியும் சேரும். 2000-க்குப் பிறகு வந்த டூ ஸ்ட்ரோக்குக்குப் புகை வரம்பு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 6000 பிபிஎம். போர்ட் வெட்டாத (பிளாக்கில் உள்ள துளைகளைப் பெரிதாக்காத) ஆர்எக்ஸ் நல்ல ட்யூனிங்கில் இருந்தால் இதில் தேறிவிடும். ஆனால் பந்தயத்துக்கு என்று புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை வெட்டி உயர்த்திவிட்டால், மேல் ஆர்பிஎம்மில் பறக்கும் அதே வண்டி ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் தராமல் ஓடும்போது) எரியாத கலவையை அப்படியே வெளியே தள்ளும், சோதனை நடப்பதோ ஐடிலில். சைலன்சரை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டையும் மாற்றலாம். பிளாக்கை என்ன செய்வது? "வெட்டுன போர்ட்டத் திரும்ப ஒட்ட முடியாதுல்லா தம்பி" என்றார் எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி. பந்தயத்துக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று இரண்டு பிளாக் வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் போர் (உள்துளை) கெடாத ஒரிஜினல் பிளாக் தேடி நான் மதுரை வரை அலைந்து வெறுங்கையோடு திரும்பினேன்.

எக்ஸ்பல்ஸில் நான் இன்ஜினைத் தொடவே இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபின் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், ஆக்ஸிஜன் சென்சார், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எல்லாம் ஒன்றோடொன்று கோத்தவை, சைலன்சரை மட்டும் கழற்றி வேறு போட்டால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியலாம், கலவையும் குழம்பலாம். அதனால் இன்ஜின் மாற்றாத வண்டிகளுக்கான பிரிவில் ஓட்டுகிறேன், காசை டயரிலும் சஸ்பென்ஷனிலும் போடுகிறேன். திருப்பத்தில் நேரம் அங்கேதான் மிச்சமாகிறது. திங்கட்கிழமை காலை கழுவிவிட்டு அதே வண்டியில் வண்ணாரப்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன். புகைச் சான்றும் வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.

ஆனால் ஒன்று, நான் ஓட்டியது ஒரு வருஷம்தான். தேரித் தூசியில் மூன்று, நாலு வருஷம் போனால் ஃப்யூவல் பம்ப்பும் சென்சாரும் எப்படித் தாங்கும் என்று இப்போதே என்னால் சொல்ல முடியாது. ஏர் ஃபில்டரை மட்டும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிப் பார்க்கிறேன். சாலைக்கு வேறு வண்டி இருக்கிறது, இதை டெம்போவில் ஏற்றித்தான் பந்தயத்துக்குக் கொண்டுபோவேன் என்பவர்கள் ஆர்எக்ஸையே வைத்துக்கொள்ளுங்கள்.