ஓடுபாதையை நீட்டுவதா, இருப்பதைப் பேணுவதா?

சிறிய விமான நிலையம் இருக்கும் ஊர்களில் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். ஓடுபாதையை நீட்டி ஏ320, போயிங் 737 போன்ற ஜெட் விமானங்கள் இறங்க வழி செய்யலாமா? அல்லது சுழலும் விசிறி பூட்டிய 70 இருக்கை டர்போப்ராப் விமானங்களே போதும் என்று வைத்துக்கொண்டு, இருக்கும் நிலையத்தை ஒழுங்காகப் பராமரித்து, நாளொன்றுக்கு வந்துபோகும் சேவைகளைக் கூட்டலாமா? இப்படி ஒரு திட்டத்தின் வரவு செலவை ஆராய்ந்த ஆலோசனைக் குழுவில் நானும் இருந்தேன். இரண்டாவது வழிக்குத்தான் கை தூக்கினேன். இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்; அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விமானம் வந்தால் தொழில் வரும், சுற்றுலா வளரும், அவசர சிகிச்சைக்கு உதவும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இவை இரண்டு வழிகளுக்குமே பொருந்தும். கட்டுமானச் செலவு நீட்டிப்பில்தான் அதிகம் என்பதையும் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் இவற்றை விட்டுவிட்டு, ‘நீட்டிப்பு’ என்றால் உண்மையில் என்ன வேலை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

1,400 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஓடுபாதை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 70 இருக்கை டர்போப்ராப் ரகமான ஏடிஆர் 72 முழுச் சுமையோடு கிளம்ப, கடல் மட்டத்தில், மிதமான வெப்பத்தில், ஏறக்குறைய 1,300 மீட்டர் போதும். ஏ320-க்கு அதே நிலைமையில் 2,100 மீட்டர் வரை தேவைப்படும். வெயில் ஏறினாலோ ஊர் உயரத்தில் இருந்தாலோ இன்னும் கூடும். ஆகவே 2,300 மீட்டர் என்று திட்டம் போடுவார்கள். செய்தியில் இது ‘900 மீட்டர் நீட்டிப்பு’ என்று வரும். நடப்பது அதுவல்ல. ஏடிஆர் 72-இன் அதிகபட்ச எடை சுமார் 23 டன். ஏ320-க்கு 78 டன். 23 டன்னைத் தாங்கப் போட்ட பழைய தளம் 78 டன்னைத் தாங்காது. ஆகவே பழைய 1,400 மீட்டரையும் முழுக்கக் கனப்படுத்த வேண்டும். ஏ320 வகைக்கு 45 மீட்டர் அகலம் தேவை என்பதால் நெடுகிலும் அகலப்படுத்தவும் வேண்டும். இரு முனைகளிலும் 60 மீட்டர் காலி நிலப்பட்டையும், அதற்கு அப்பால் பரிந்துரைக்கப்படும் 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதியும் சேர்த்தால் 2,300 மீட்டர் ஓடுபாதைக்கு 2,900 மீட்டர் நிலம் வேண்டும். நீட்டிப்பு என்ற பெயரில் நடப்பது ஏறக்குறைய ஒரு புது ஓடுபாதைதான்.

இவ்வளவையும் ஒருமுறைச் செலவு என்று அரசு மானியத்தில் முடித்துவிடலாம். பல ஊர்களில் அப்படித்தான் முடிக்கிறார்கள். என் மனத்தை மாற்றியது அதற்குப் பின்னால் வரும் செலவு. எங்கள் கைக்கு வந்த திட்ட அறிக்கையில் கட்டுமானத்துக்குப் பக்கம் பக்கமாக வரைபடங்களும் அட்டவணைகளும் இருந்தன. பராமரிப்புக்கு ஒரே ஒரு வரி, கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று. அந்த ஒரு வரிக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது.

பரப்பளவையே பாருங்கள். 1,400 × 30 என்றால் 42,000 சதுர மீட்டர். 2,300 × 45 என்றால் 1,03,500 சதுர மீட்டர். ஏறக்குறைய இரண்டரை மடங்கு. தார்த்தள ஓடுபாதைக்குப் பத்திலிருந்து பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மேற்தளம் புதிதாகப் போட வேண்டிவரும். வெயிலும் மழையும் தளத்தைத் தின்பதற்கு எத்தனை விமானம் இறங்குகிறது என்ற கணக்கு வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஜெட் வந்தாலும் பத்து வந்தாலும் அந்தப் பரப்பு முழுவதும் வெடிக்கும், வெளுக்கும், ஓரங்களில் புல் முளைக்கும். விளக்குகள், வடிகால், வேலி, புல்வெட்டு எல்லாமே நீளத்தோடு கூடவே வளரும். முதல் முறை மானியம் கொடுத்த அரசு, பதினைந்தாவது ஆண்டில் மேற்தளத்துக்கும் கொடுக்கும் என்று எந்த ஒப்பந்தமும் உறுதி சொல்வதில்லை. யானையைக் கட்டித் தீனி போடுவது போலத்தான் இது. வாங்கிய விலையைவிடத் தீனிதான் கணக்கு.

அடுத்தது தீயணைப்பு. இதைப் பற்றி வெளியே யாரும் பேசிக் கேட்டதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, வரும் விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்து நிலையத்தின் மீட்பு, தீயணைப்பு வகை முடிவாகிறது. ஏடிஆர் 72 சுமார் 27 மீட்டர் நீளம், ஐந்தாம் வகை. ஏ320 37 மீட்டருக்கு மேல், ஆறாம் வகை. 737-800, ஏ321 இரண்டும் 39 மீட்டரைத் தாண்டுவதால் ஏழாம் வகை. ஐந்தாம் வகை வரை ஒரு தீயணைப்பு வண்டி போதும். ஆறிலும் ஏழிலும் இரண்டு. வண்டியை ஒருமுறை வாங்கிவிடலாம், ஆளை மாதாமாதம் வாங்க வேண்டும். நிலையம் நாளுக்கு 14 மணி நேரம் திறந்திருந்தால் வாரத்துக்கு 98 மணி நேரம். விடுப்பு, பயிற்சி எல்லாம் போக, வண்டியில் ஓர் இருக்கையை நிரப்ப மூன்று பேராவது சம்பளப் பட்டியலில் வேண்டும். மூவர் ஏறும் இரண்டாம் வண்டிக்கு ஒன்பது பேர். நாளின் முதல் விமானம் வருமுன்பே அவர்கள் வண்டியைக் கிளப்பிப் பார்த்து, நீர்த்தொட்டியையும் நுரைக் கரைசலின் அளவையும் சரிபார்த்து, ஓடுபாதையின் எந்த முனைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேரும்படி நிற்க வேண்டும். இறங்குவது ஒரே ஒரு ஜெட்டாக இருந்தாலும் இதில் ஒன்றையும் குறைக்க முடியாது.

இங்கே ஒரு சலுகை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மிகவும் நெரிசலான மூன்று மாதங்களில் அந்தப் பெரிய வகை விமானங்களின் இறக்கமும் ஏற்றமும் சேர்ந்து 700-க்குக் குறைவாக இருந்தால் ஒரு வகை கீழே வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு இரண்டு ஏ320 வந்துபோனால் மூன்று மாதத்தில் 360 போலத்தான் ஆகும். அப்போது ஐந்தாம் வகையும் ஒரு வண்டியுமே போதும் என்று வாதிடலாம். எங்கள் குழுவில் இதைச் சிலர் அழுத்திச் சொன்னார்கள். எனக்கு அது நிலைக்கும் கணக்காகப் படவில்லை. விமானக் கம்பெனி ஏ320-க்குப் பதில் ஏ321 அனுப்பினால் சலுகைக்குப் பிறகும் ஆறாம் வகைதான். திட்டம் வெற்றி பெற்றுச் சேவைகள் நான்காகக் கூடினால் 700-ஐத் தாண்டிவிடும், சலுகையும் போய்விடும்.

சரி, வருமானமாவது அந்த அளவுக்கு வருமா? தரையிறங்கும் கட்டணத்தைப் பெரும்பாலான இடங்களில் எடையை வைத்து வாங்குகிறார்கள். ஒரு ஏ320-இன் 78 டன்னும் மூன்று ஏடிஆரின் 69 டன்னும் ஏறக்குறைய ஒன்றுதான். பயணிகளையும் பாருங்கள். 180 இருக்கை ஏ320 தினமும் ஒருமுறை வந்து போனால், பத்தில் எட்டு இருக்கை நிரம்பினால், ஆண்டுக்கு 1,05,000 பயணிகள். 70 இருக்கை ஏடிஆர் மூன்று முறை வந்து போனால், அதே நிரம்பலில், சுமார் 1,23,000. மூன்று நேரம் கிடைப்பதால் காலையில் போய் மாலையில் திரும்ப நினைப்பவர்களும் வருவார்கள். நாளுக்கு ஒரே ஜெட் என்றால் அந்தப் பயணிகள் காரிலோ ரயிலிலோ போய்விடுவார்கள். அதிகக் கட்டணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களும் அவர்களே.

ஐரோப்பிய ஆணையம் 2014-இல் வெளியிட்ட அரசு உதவி வழிகாட்டு நெறிகள் இந்த விஷயத்தில் வெளிப்படையாகப் பேசுகின்றன. ஆண்டுக்கு 2 லட்சம் பயணிகளுக்குக் கீழே உள்ள நிலையம் தன் இயக்கச் செலவில் பெரும்பகுதியைத் தானே ஈட்டுவது கடினம்; 7 லட்சம் வரையிலும் கணிசமான பகுதியை ஈட்ட முடியாமல் போகலாம்; 10 லட்சத்தை நெருங்கும்போதுதான் நிலைமை தெளியும்; 30 லட்சத்துக்கு மேல்தான் வழக்கமாக லாபம். நம் கணக்கின்படி 7 லட்சத்தைத் தொட நாளுக்கு ஏழு ஏ320 வேண்டும். ஒன்று வந்தால் இந்த ஏணியின் முதல் படியை விட்டு நகர்ந்திருக்க மாட்டோம், இரண்டு வந்தாலும் அதை மயிரிழையில்தான் தாண்டியிருப்போம், செலவு மட்டும் மேல்படிக்குப் போயிருக்கும். போதாததற்கு, புது நிலையத்துக்கு ஜெட்டைக் கொண்டுவர விமானக் கம்பெனிகள் கட்டணத் தள்ளுபடி கேட்கும். தள்ளுபடிக் காலம் முடிந்ததும் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவது அவர்களுக்கு எளிது. ஓடுபாதையை நாம் எங்கேயும் கொண்டுபோக முடியாது.

விற்றுவிட்டுத் தப்பிக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஸ்பெயினின் சியுதாத் ரெயால் ஒரு பாடம். சுமார் 100 கோடி யூரோவில் 4,000 மீட்டருக்கு மேல் ஓடுபாதை போட்டு 2008-இல் திறந்தார்கள், 2012-இல் மூடினார்கள். 2015 ஏலத்தில் வந்த ஒரே கேட்புத் தொகை 10,000 யூரோ. கடைசியில் 5.62 கோடி யூரோவுக்குத்தான் கைமாறியது. இலங்கையின் மத்தளையில் 2013-இல் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு 3,500 மீட்டர் ஓடுபாதையோடு திறந்த நிலையம் போதிய விமானங்கள் வராமல் வெறிச்சோடிய கதை பலருக்கும் தெரியும். இவை இரண்டும் புதிதாகக் கட்டியவை, நீட்டிப்பு அல்ல என்று சொல்லலாம், சரிதான். ஆனால் ஜெர்மனியின் காசெல் நம் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. 1,500 மீட்டர் ஓடுபாதை இருந்த பழைய நிலையத்துக்கு மாற்றாக 2,500 மீட்டரில், 27 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டு 2013-இல் திறந்தார்கள். முதல் சில ஆண்டுகளில் பயணிகள் எண்ணிக்கை ஆண்டுக்கு 1 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

நேர்மாறாக, லண்டன் சிட்டி நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான். 2019-இல் 50 லட்சம் பயணிகளுக்கு மேல் அங்கே வந்துபோனார்கள். அருகில் உலகின் பெரிய நிதி மையம் இருப்பது அதற்குக் காரணம், எல்லா ஊருக்கும் அது வாய்க்காது. டொரன்டோவின் பில்லி பிஷப் நிலையம் இன்னும் குறுகியது, சுமார் 1,200 மீட்டர். அங்கே டர்போப்ராப்களை இயக்கிய போர்ட்டர் நிறுவனம் ஜெட்டுக்காக ஓடுபாதையை நீட்டக் கேட்டது 2013-இல். 2015-இல் கனடா அரசு மறுத்துவிட்டது. பிறகு போர்ட்டர் ஜெட்களை வாங்கி, 2023-இல் அதே நகரின் பெரிய நிலையமான பியர்சனிலிருந்து இயக்கத் தொடங்கியது. நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விமானக் கம்பெனி கேட்கிறது என்பதற்காக ஊர்ப் பணத்தைக் கொட்டும் முன் இந்தக் கதையை யோசிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீட்டியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. போர்ச்சுகலின் மடெய்ரா தீவில் 1,800 மீட்டர் ஓடுபாதையைக் கடலோரத்தில் தூண்கள் எழுப்பி 2000-இல் 2,781 மீட்டர் ஆக்கினார்கள். தீவுக்குச் சாலையோ ரயிலோ கிடையாது, சுற்றுலாப் பயணிகள் தொலைவிலிருந்து வருகிறார்கள். அங்கே வேறு வழியே இல்லை. நான் பார்க்கும் சோதனை எளிது: இப்போது வரும் விமானங்கள் நிரம்பி வழிகின்றனவா, ஓடுபாதை போதாததால் இருக்கைகளைக் காலியாக விட்டுக் கிளம்புகிறார்களா, மக்கள் போக விரும்பும் ஊர் டர்போப்ராப் எட்டாத தூரத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் என் வாதம் வலுவிழக்கும்.

என் பக்கத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 70 இருக்கை டர்போப்ராப் என்றால் இன்றைக்குப் பெரும்பாலும் ஏடிஆர் ஒன்றுதான். அதற்குப் போட்டியாக இருந்த டேஷ் 8-400 விமானத்தின் உற்பத்தி 2021-இல் நிறுத்திவைக்கப்பட்டது. குறுகிய ஓடுபாதைக்கென ஏடிஆர் திட்டமிட்ட 42-600எஸ் ரகத்தையும் 2024-இல் கைவிட்டார்கள். ஒரே தயாரிப்பாளரை நம்பி முப்பது ஆண்டுத் திட்டம் போடுவது கொஞ்சம் அச்சம் தரும் விஷயம்தான். சரக்கு விமானம், பராமரிப்புக் கூடம் போன்ற வருமானங்களில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. அவை வலுவாக உள்ள ஊருக்கு என் கணக்கு மாறலாம். நிலையத்தையே மூடிவிட்டுப் பக்கத்துப் பெரிய நிலையத்துக்கு நல்ல சாலை போடும் மூன்றாவது வழியும் உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிந்தால் அதையும் மேசைமேல் வைக்க வேண்டும்.

எங்கள் குழுவில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் நிலம். நீட்டுவதில்லை என்று முடிவெடுத்தாலும், 2,900 மீட்டருக்கான நிலத்தையும் இரு முனைகளிலும் விமானங்கள் ஏறி இறங்கும் வழியில் கட்டட உயரக் கட்டுப்பாட்டையும் இப்போதே நகரத் திட்டத்தில் எழுதிவைத்துவிட வேண்டும். அந்த வழியில் ஓர் உயரமான கட்டடம் எழுந்துவிட்டால், இருபது ஆண்டு கழித்து நாளுக்கு ஏழு ஜெட் வரத் தயாராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.