எஸ்ஆர்டி 5.2 ஸ்க்ரோல் விதிகள்: வேலூர் டேபிள்களுக்கு ஒரு விமர்சனம்

காட்பாடி ஹாஸ்டல்களிலும் பாகாயம் பக்கத்து வாடகை வீடுகளிலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு மூன்று பெரிய விதிப் புத்தகம் வாங்குவது கையைக் கடிக்கும் விஷயம். விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2025 ஏப்ரலில் வெளியிட்ட எஸ்ஆர்டி 5.2 (விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பு) இலவச பிடிஎஃப். கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 உரிமத்தில் வந்திருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போடலாம், தமிழில் எழுதி நண்பர்களுக்குக் கொடுக்கலாம், எந்தத் தடையும் இல்லை. முந்நூறு பக்கத்துக்கு மேல் ஓடும் அதில், இங்கே எடுத்துக்கொள்வது ஸ்பெல் ஸ்க்ரோல் (ஒரு மந்திரத்தை, அதாவது ஸ்பெல்லை, எழுதிவைத்த சுருள்) விதிகளை மட்டும். டேபிளில், அதாவது ஆடும் குழுவில், வாக்குவாதம் அதிகம் கிளம்பும் இடம் அது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஸ்க்ரோல் எழுதும் விதி அருமை, படிக்கும் விதி நன்று, ஸ்பெல்புக்கில் (விசர்ட் என்ற மந்திரவாதியின் மந்திரப் புத்தகம்) நகலெடுக்கும் விதி தேவைக்கு மேல் கொடுமை.

படிப்பதற்கு அடிப்படை ஒன்றுதான். ஸ்க்ரோலில் இருக்கும் ஸ்பெல் உங்கள் கிளாஸின் (பாத்திர வகை) ஸ்பெல் லிஸ்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்தே புரியாது; ஃபைட்டர் கையில் அது வெறும் தாள். லிஸ்டில் இருந்தால் அந்த ஸ்பெல்லின் வழக்கமான நேரத்தில் போடலாம், மெட்டீரியல் எதுவும் வேண்டாம், ஸ்லாட்டும் (ஸ்பெல் போட எண்ணி வைத்திருக்கும் வாய்ப்பு) செலவாகாது. கான்சென்ட்ரேஷன் (ஸ்பெல் நீடிக்கக் கவனம் கலையாமல் இருப்பது) மட்டும் வழக்கம்போல் வேண்டும். இதை மறக்கிற டேபிள்கள் நிறைய. போட்டு முடித்ததும் ஸ்க்ரோல் தூளாகிவிடும். நடுவில் தடைபட்டால் ஸ்க்ரோல் போகாது என்று விதியே தெளிவாகச் சொல்கிறது. எதிரி கவுன்டர்ஸ்பெல் போட்டாலும் இதே வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கவுன்டர்ஸ்பெல் செய்வதே ஸ்பெல் போடுவதைத் தடுப்பது. ஆக்‌ஷன் வீண், ஸ்க்ரோல் பத்திரம்.

உங்களால் இன்னும் போட முடியாத லெவல் ஸ்பெல் என்றால் ஒரு செக் உண்டு: டி20 என்ற 20 பக்க டைஸை உருட்டி, திறனுக்கான எண்ணைக் கூட்டி, டிசி என்ற இலக்கை எட்ட வேண்டும். டிசி 10 கூட்டல் ஸ்பெல் லெவல். இங்கேதான் கணக்கு தப்புகிறது. உதாரணத்துக்கு, வேலூர்க் கோட்டையையே வரைபடமாக வைத்து ஆடும் ஒரு டேபிளை எடுத்துக்கொள்வோம். அகழியின் அடியில் ஒரு வாசல். கையில் வாட்டர் பிரீத்திங் ஸ்க்ரோல், லெவல் 3. பத்துப் பேர் வரைக்கும் 24 மணி நேரம் தண்ணீருக்குள் மூச்சு விடலாம். கிளெரிக் (பூசாரி வகைப் பாத்திரம்) தொட முடியாது, அவர் லிஸ்டில் இல்லை. விசர்ட் 3-ஆம் லெவல் (இது பாத்திரத்தின் லெவல், லெவல் 3 ஸ்பெல் இன்னும் அவருக்கு எட்டாது), இன்டெலிஜென்ஸ் 16. அந்த 16-க்கு அவர் கூட்ட வேண்டியது +3 மட்டும். புரோஃபிஷியன்சி போனஸ் (பயிற்சிக்காகச் சேரும் எண்) சேராது, இது ஸ்கில் செக் கிடையாது. டிசி 13, டி20-யில் 10 விழ வேண்டும், அதாவது 55 சதவீதம். தவறினால் ஸ்பெல் மறைந்துவிடும், எல்லோரும் கரையிலேயே நிற்பார்கள். முந்தைய 2014 விதியில் கைடன்ஸ் என்ற கேன்ட்ரிப்பை (ஸ்லாட் வேண்டாத சிறு ஸ்பெல்) எந்த எபிலிட்டி செக்குக்கும் சேர்க்க முடிந்தது. புதிய கைடன்ஸில் ஒரு ஸ்கில்லைச் சொல்லித்தான் போட வேண்டும், ஆகவே இந்த செக்குக்கு உதவாது. பாணர் வகையான பார்டின் இன்ஸ்பிரேஷன் டைஸ் உதவும். கூட்டத்தில் பார்ட் இருந்தால் அதைக் கேட்டு வாங்கிவிட்டு ஸ்க்ரோலைப் பிரியுங்கள்.

சண்டையில் ஸ்க்ரோலின் மதிப்பு இப்போது நன்றாக ஏறியிருக்கிறது. பழைய விதியில், வழக்கமான செயலுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஒரு ஸ்பெல் போட்டுவிட்டால் அந்த டர்னில் (ஒருவரின் முறை) கேன்ட்ரிப் தவிர வேறு ஸ்பெல் கிடையாது. இப்போதைய விதி, ஒரு டர்னில் ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம் என்கிறது. ஸ்க்ரோல் ஸ்லாட்டைத் தொடுவதில்லை. ஆகவே விசர்ட் ஸ்லாட்டில் மிஸ்டி ஸ்டெப் (போனஸாகப் போட்டு இடம் மாறும் ஸ்பெல்) போட்டு 30 அடி தள்ளிப் போய், அதே டர்னில் ஸ்க்ரோலைப் படித்து ஃபயர்பால் வீசலாம். இதை ஏமாற்று வேலை என்று நினைக்கும் டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) உண்டு. விதி இடம் கொடுக்கிறது, நாங்களும் இடம் கொடுப்பதுதான் சரி என்கிறோம். ஸ்க்ரோலுக்குக் காசும் நாளும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

எழுதும் விதிக்கு வருவோம். 2014 டிஎம் புத்தகத்தோடு ஒப்பிட்டால் இது வேறு தரம். ஆர்கேனாவிலோ (மந்திர அறிவு என்ற ஸ்கில்) காலிகிராஃபர்ஸ் சப்ளைஸிலோ (எழுத்துக் கருவிகள்) புரோஃபிஷியன்சி வேண்டும். எழுதும் ஒவ்வொரு நாளும் ஸ்பெல் பிரிப்பேர் செய்திருக்க வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம். கேன்ட்ரிப்புக்கு 1 நாள் 15 பொன் (விளையாட்டு நாணயம்), லெவல் 1-க்கு 1 நாள் 25 பொன், லெவல் 2-க்கு 3 நாள் 100, லெவல் 3-க்கு 5 நாள் 150. அடுத்த படியான லெவல் 4-க்குத் திடீரென்று 10 நாள் 1,000 பொன். லெவல் 5-க்கு 25 நாள் 1,500. லெவல் 9-க்கு 120 நாள் 50,000. 2017-இல் வந்த துணைப் புத்தகத்தில் லெவல் 3-க்கு 500 பொன் இருந்தது. இப்போது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதனால் ஃபயர்பால் குவியும் என்று டிஎம் பயப்பட வேண்டியதில்லை. பத்து ஸ்க்ரோலுக்கு 1,500 பொன் சுலபம், 50 நாள் சுலபமில்லை. கட்டுப்பாடு நாட்களில் இருக்கிறது, ஆகவே கதையில் நாள் எண்ணுகிற பழக்கம் இல்லாத டேபிளில் இந்த விதி ஓட்டையாகிவிடும்.

செத்தவரை எழுப்பும் லெவல் 3 ஸ்பெல்லான ரிவிவிஃபையை மட்டும் தனியாகப் பாருங்கள். 300 பொன் வைரம் எழுதும்போது செலவாகிவிடும், மொத்தம் 450. ஆனால் படிக்கும்போது வைரம் தேவையில்லை. செத்தவரை எழுப்ப ஒரு நிமிஷம்தான் இருக்கும். ஸ்லாட் தீர்ந்துபோன கிளெரிக்குக்கு இதைவிட நல்ல ஸ்க்ரோல் கிடையாது. ஊரில் சும்மா இருக்கும் முதல் ஐந்து நாளை இதற்கே ஒதுக்கலாம்.

டிசி விஷயத்தில் ஒரு நுணுக்கம். கண்டெடுத்த ஸ்க்ரோலுக்கு நிலையான எண்: லெவல் 2 வரைக்கும் சேவ் டிசி (எதிரி தப்பிக்க எட்ட வேண்டிய எண்) 13, அட்டாக் (தாக்கும்போது கூட்டும் எண்) +5, லெவல் 3, 4-க்கு 15, +7, லெவல் 5, 6-க்கு 17, +9. நீங்களே எழுதினால் எழுதியவரின் டிசியும் அட்டாக் போனஸும்தான். இன்டெலிஜென்ஸ் 20 உள்ள 9-ஆம் லெவல் விசர்ட் எழுதிய ஃபயர்பாலின் டிசி 17, புதையலில் கிடைத்ததைவிட 2 கூடுதல். ஸ்க்ரோல் கைக்கு வரும்போதே இந்த எண்ணைக் குறிக்காவிட்டால் சண்டை நடுவில் யார் எழுதியது என்று தேட வேண்டிவரும். சார்ட் பேப்பரைச் சீட்டாக வெட்டி ஸ்பெல் பெயர், லெவல், எந்தெந்த கிளாஸ், டிசி, அட்டாக், கான்சென்ட்ரேஷன் உண்டா என்று எழுதி ஆளுக்குக் கொடுங்கள். படித்ததும் கிழித்துவிடச் சொல்லுங்கள். பேரணாம்பட்டுத் தோல் துண்டில் எழுதி அழகு பார்க்கலாம்தான், ஆனால் கிழிக்க மனசு வராது, அப்புறம் அதே ஸ்க்ரோல் இரண்டு தடவை ஓடும்.

குறை சொல்ல வேண்டியது நகலெடுப்பதில். ஃபயர்பால் ஸ்க்ரோலை ஸ்பெல்புக்கில் ஏற்ற 6 மணி நேரம், 150 பொன், டிசி 13 ஆர்கேனா செக். 5-ஆம் லெவல் விசர்ட்டுக்கு +7 இருந்தால்கூட நாலில் ஒரு தடவை தோல்வி. ஜெயித்தாலும் தோற்றாலும் ஸ்க்ரோல் அழியும். இன்னொரு விசர்ட்டின் புத்தகத்திலிருந்து எடுக்கும்போது இந்த செக்கே கிடையாது. ஸ்க்ரோலை அழிப்பது சரி. அதற்கு மேல் செக்கும் வைப்பதால் ஆட்கள் அதை நகலெடுக்கத் துணியாமல் பையிலேயே வைத்திருக்கிறார்கள். செக்கை எடுத்துவிட்டு அழிவை மட்டும் வைத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை.

தீஃப் ரோக் (திருடன் வகைப் பாத்திரம்) 13-ஆம் லெவலில் எந்த ஸ்க்ரோலையும் படிக்கலாம். லெவல் 1 வரைக்கும் செக் இல்லை, அதற்கு மேல் ஆர்கேனா செக், தோற்றால் ஸ்க்ரோல் காலி. நல்ல விதி, ஆனால் அந்த லெவல் வரைக்கும் போகும் டேபிள்கள் குறைவு.

முழு பிடிஎஃப்பையும் பிரிண்ட் போடாதீர்கள். மேஜிக் ஐட்டம் பகுதியில் ஸ்பெல் ஸ்க்ரோல் பக்கம், எக்விப்மென்ட் பகுதியின் கடைசியில் ஸ்க்ரோல் எழுதும் அட்டவணை, உங்கள் கிளாஸ்களின் ஸ்பெல் லிஸ்ட். இவ்வளவு இருந்தால் போதும்.